நெய்யாற்றோரம் நாலு நாள்: சைக்கிளுக்கும் காற்றுப் படகுக்கும் சில குறிப்புகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத்துக்காரர்களுக்குக் காடும் ஆறும் கடலும் சைக்கிள் மிதிக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. மடித்துப் பையில் போடுகிற காற்றுப் படகு, அதுதான் பேக்ராஃப்ட், ஒன்று கைக்குக் கிடைத்தால் காட்டோரம் மிதித்து ஏறி ஆற்றில் மிதந்து இறங்கலாம். கிளம்புகிறவர்களுக்கும், கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. ஏற்றத்தைச் சைக்கிளுக்கும் இறக்கத்தை ஆற்றுக்கும் கொடுங்கள். பாறசாலையிலிருந்து காரக்கோணம், பனச்சமூடு, வெள்ளறடை, அம்பூரி, கள்ளிக்காடு வழியாக நெய்யாறு அணை. மறுநாள் கோட்டூர் போய்க் காப்புக்காடு யானை மையத்தில் யானைகளைப் பார்த்துத் திரும்பலாம். அதன்பிறகு ஆற்றோடு பூவாறு. அங்கிருந்து உச்சக்கடை வழியே வீடு.

2. நெய்யாறு அணையைச் சுற்றிய காடு 1958-லிருந்து வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போவது 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அணைத் தண்ணீரில் சொந்தப் படகை இறக்கும் எண்ணமே வேண்டாம்: அங்கே முதலை உண்டு, முதலைப் பண்ணைத் தொட்டிக்குள் மட்டும் இல்லை. அகத்தியர்கூடம் (1868 மீட்டர்) ஏற ஆசை இருந்தால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை ஜனவரி, பிப்ரவரியை ஒட்டிப் பதிவு செய்து அனுப்புகிற நடை அது, சைக்கிளோடு கலந்தால் இரண்டும் கெடும்.

3. நம்ம பக்கம் இடவப்பாதியும் கொட்டும், துலாவர்ஷமும் கொட்டும். கிறிஸ்துமஸ் கழிந்து பிப்ரவரி வரைக்கும்தான் ஆறும் ரோடும் ஒருசேரச் சொன்னபடி கேட்கும். மழை பெய்திருந்தால், அணையில் ஷட்டர் திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் படகை விரிக்காதீர்கள்.

4. ஆற்றில் இறங்க அணையடி வேண்டாம். இன்னும் கீழே, மண்டபத்தின்கடவு மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள கடவைப் பாருங்கள். துணி துவைக்க வருகிறவர்களிடம் இரண்டு நிமிஷம் பேசினால் போதும்: எங்கே மணல் வாரிய குழி, எங்கே பாறை, முதலை கண்ணில் பட்டதா, எல்லாம் தெரிந்துவிடும். அருவிப்புறத்தில் கட்டாயம் கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடங்கள். 1888-ல் நாராயண குரு ஆற்றில் முங்கிக் கல் எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்கிற சங்கரன் குழி அங்கேதான். பாறையும் கயமும் மாறி மாறி வரும் இடம். எப்படியும் இறங்குகிறீர்கள், கோயிலையும் பார்த்துவிடலாம்.

5. தடுப்பணை கண்ணில் பட்டால் வெகு முன்னாலேயே கரை ஒதுங்குங்கள். மூன்றடி உயரம்தானே என்று தோன்றும். ஆனால் விழுகிற தண்ணீர் அடியில் சுழன்று சுழன்று ஆளை மேலே விடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான்.

6. கரையோரக் கைதை முள் ஒன்று போதும், படகைக் கிழிக்க. வளைவுகளில் தண்ணீர் உங்களைக் கைதைப் புதருக்குள்ளேயே தள்ளும், ஆகவே வளைவு வருமுன்பே உள்வளைவுப் பக்கம் துடுப்பு போட ஆரம்பியுங்கள். கடவில் உடைந்த பாட்டில் கிடக்கும். ரப்பர் செருப்பு போதாது, பழைய கேன்வாஸ் ஷூ நல்லது.

7. பூவாறில் ஆறு கடலைத் தொடும் பொழிமுகம் வரை போகாதீர்கள். பொழி திறந்திருந்தால் கடல் இறங்கும் நேரத்தில் ஆறு கடலுக்குள் இழுக்கும், இந்த லேசான படகில் துடுப்பு போட்டுத் திரும்ப முடியாது. டூரிஸ்ட் போட் நிற்கிற இடத்துக்கு முன்னாலேயே கரையேறிவிடுங்கள்.

8. நல்ல பேக்ராஃப்ட் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், விலை மட்டும் பல ஆயிரம். வருஷத்தில் ஒரு முறைக்கு ஆளுக்கொன்று வாங்குவது வீண். மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துப் போகலாம். கடற்கரையில் விற்கிற பொம்மைப் படகைக் காட்டி “இது போதாதா” என்று யாராவது கேட்டால், போதாது.

9. சிக்கனம் பார்க்கவே கூடாத சாமான் லைஃப் ஜாக்கெட். உடம்புக்கு இறுக்கமாக வாங்குங்கள்: போட்டுக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காது வரை ஏறக் கூடாது. மார்பில் ஒரு விசில் கட்டிவிடுங்கள்.

10. சைக்கிளைப் படகில் ஏற்ற இரண்டு சக்கரத்தையும் பெடலையும் கழற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி முன்பக்கம் படுக்க வையுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை ஸ்பானர் பிடிக்கும்போது நினைவில் வையுங்கள். பல்சக்கரத்துக்கும் டிஸ்க்குக்கும் பழைய துவர்த்தைச் சுற்றிவிட்டால் படகு கிழியாது. சைக்கிளைப் படகோடு கட்டலாம், உங்களைப் படகோடு கட்டவே கூடாது. கயிற்று நுனியும் தொங்கக் கூடாது, கவிழ்ந்தால் காலில் சுற்றும்.

11. ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபைத் தூர எறியாதீர்கள். விரல் அகலத்துக்கு வளையமாக நறுக்கினால் துடுப்பு கட்ட, பை வாய் இறுக்க, சக்கரம் சேர்க்க எல்லாவற்றுக்கும் ஆகும். கடையில் விற்கிற எலாஸ்டிக் கொக்கியைவிட இது மேல், கண்ணில் தெறிக்காது.

12. வெயிலில் காற்றடித்த படகு ஆற்றில் வைத்ததும் தொய்யும்: குளிர்ந்த தண்ணீரில் உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது, ஓட்டை என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை ஊதுங்கள். கரையில் ஏற்றி வெயிலில் வைக்கும்போது இதற்கு நேர் எதிர். கொஞ்சம் காற்றைத் திறந்துவிடாவிட்டால் தையல் விடும்.

13. சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷன் இந்தப் படகில் நிற்காது. படகு பெரும்பாலும் டி.பி.யு. பிளாஸ்டிக் பூசிய நைலான் துணி. அதற்கென்று உள்ள ஒட்டுப் பட்டியை வாங்கி வையுங்கள். ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலர விட வேண்டும், ஈரத்தில் ஒட்டியது அடுத்த கடவு வரைக்கும் வராது.

14. மாற்றுத் துணி நனையாமல் இருக்க விலை கூடிய பை வேண்டும் என்றில்லை. தடித்த பிளாஸ்டிக் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, காற்றை வெளியே தள்ளி, வாயை முறுக்கி மடக்கி டியூப் வளையம் போடுங்கள். உரச்சாக்கின் உள்கவர் என்றால் எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது. போனுக்கு மட்டும் நல்ல பையே வாங்கலாம், அதில் மிச்சம் பிடிப்பது நஷ்டம்.

15. தேங்காய்க் கறி மதியத்துக்குள் புளிக்கும். கட்டிக்கொடுக்கத் தோதானது சம்மந்திப் பொடி. துருவிய தேங்காயை வற்றல் மிளகாய், சின்ன உள்ளி, கறிவேப்பிலையோடு எண்ணெய் விடாமல் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். உள்ளி மொறுமொறுப்பாகித் தேங்காய் செங்கல் நிறம் வந்ததும் புளி, உப்பு சேர்த்து இடியுங்கள். ஆறியபின் விரலில் எடுத்தால் உதிர வேண்டும். ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பச் சட்டியில் போடுங்கள். முதல் நாளைக்கு மட்டும் வாட்டிய இலையில் பொதிச்சோறு, மற்ற நாளைக்கு அவலும் கருப்பட்டியும். அவலுக்கு அடுப்பே வேண்டாம்.

16. அட்டைக்கு உப்பைத் துணிக்கிழியில் கட்டிச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். கடித்ததை இழுத்துப் பிய்க்காமல் கிழியை நனைத்துத் தொட்டால் தானே விழும். தேங்காய் எண்ணெயில் உப்பு குழைத்துக் கணுக்காலில் பூசுகிறவர்களும் உண்டு, மழை இல்லாத நாளில் அது நிற்கும்.

17. கோட்டூர், அம்பூரிப் பக்கக் காட்டோர ரோடுகளில் இருட்டுமுன் தங்கும் இடம் சேர்ந்துவிடுங்கள். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை, யானைக்கு நீங்கள் வருவது தெரியாது. வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போங்கள். தங்கிய வீட்டு முற்றத்தில் சாயா போட ஈர விறகு பிடிக்கவில்லை என்றால், ரப்பர் மரத்து ஒட்டுப்பால் ஒரு துண்டு கேளுங்கள், மழையிலும் பற்றும். காட்டோரத்தில் மட்டும் தீ மூட்டவே கூடாது.

18. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் களியக்காவிளை தாண்டி மாத்தூர் தொட்டிப் பாலம் வரை மிதிக்கலாம். 1966-ல் கட்டிய 115 அடி உயரப் பாலம். மேலே கால்வாய் ஓட, ஓரத்தில் நடந்தே கடக்கலாம். துடுப்பு போட்ட தோளுக்கு ஓய்வு.

19. வீடு வந்த அன்றைக்கே படகையும் சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பூவாற்று உப்பு ஒரே ராத்திரியில் செயினைத் துருவாக்கும். செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும், தேங்காய் எண்ணெய் பிசினாக ஒட்டும். படகை நிழலில் உலர்த்தி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் மடியுங்கள். எலி ஏறாத இடத்தில் வையுங்கள்.

20. எந்தக் கடவில் இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குப் போன் வரும் என்று எழுதிய தாள் வீட்டில் இருக்கட்டும். சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணிக்கூர் ஆகியும் தகவல் இல்லை என்றால் யோசிக்காமல் 112-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் வந்தபிறகு கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.