கட்டடக் கம்பியும் இறக்குமதியும்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் உண்டு. சிமெண்டு ஆலைகளும் உண்டு. ஆயினும், அரியலூர், பெரம்பலூர் ஊராட்சிகள் கட்டும் பள்ளிக்கூடத்திற்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் வேண்டிய கம்பி வெளியிலிருந்தே வருகிறது. கடல் கடந்தும் வருகிறதா?

1950-களில் நம் நாடு உருக்கைப் பெருமளவில் இறக்குமதி செய்தது. 1959-இல் ரூர்கேலாவிலும் பிலாயிலும் உலைகள் மூட்டப்பட்ட பின்னர் அந்நிலை மாறத் தொடங்கிற்று. 2023-24, 2024-25 ஆண்டுகளில் மீண்டும் ஏற்றுமதியை இறக்குமதி விஞ்சியது மெய்யே. ஆனால், வந்தவற்றில் பெரும்பகுதி தகடும் சுருளுமேயன்றிக் கட்டடக் கம்பியன்று. எனினும் அயல்நாட்டுச் சந்தை நம்மைத் தொடாமலில்லை. உலைக்கு வேண்டிய கற்கரி நிலக்கரியில் பெரும்பங்கு ஆஸ்திரேலியா முதலிய நாடுகளினின்று வருகிறது. அங்கே விலை ஏறினால், செந்துறையில் தளம் போடுவோர்க்கும் செலவு ஏறும்.

விலை நம் கையில் இல்லை, எடை உண்டு. கம்பியை எண்ணி வாங்கும் வழக்கம் நட்டத்திற்கே வழி. விட்டத்தின் மில்லிமீட்டர் அளவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிட்டும். அவ்வாறு கணக்கிட்டால், 12 மில்லிமீட்டர் விட்டமும் 12 மீட்டர் நீளமும் உள்ள கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ நிற்கவேண்டும். இந்தியத் தர விதி 1786, இக்கம்பித் தொகுதிக்கு நூற்றுக்கு 5 பங்கு ஏற்றக்குறைவையே ஒப்புகிறது. ஆகவே, வண்டியிலிருந்து இறக்குமுன் சிலவற்றை நிறுத்துப் பார்த்து, 10 கிலோவுக்கும் குறைந்தால், எந்நாட்டுக் கம்பியாயினும் ஊராட்சியார் திருப்பியனுப்புதல் தகும்.