அறுப்புப் பொறிகளுக்கு நிலத்தொடர்பு

மரம் அறுக்கும் வட்ட ரம்பமும், இரும்பு அறுக்கும் ரம்பப் பொறியும் இயங்கும்போது ஓயாது அதிர்கின்றன. இவ்வதிர்ச்சியால் மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் நுழையும் கம்பி உலோக விளிம்பில் உராய்ந்து, அதன் காப்புறை தேய்ந்துபோவதுண்டு. அப்போது 230 வோல்ட் மின்னழுத்தம் பொறியின் உடலுக்கு ஏறிவிடுகிறது. ரம்பமோ வழக்கம்போலவே சுழன்றுகொண்டிருக்கும். ஈரமான சிமெண்டுத் தரையில் நின்று அதைத் தொடும் மாணவனே பழுதை முதலில் அறிகிறான்.

இதைத் தடுக்கவே பொறியின் உடல் தனிக் கம்பியால் நிலத்துடன் இணைக்கப்படுகிறது. மின்சாரம் மண்ணுக்குள் சென்று மறைந்துவிடுகிறது என்று கற்பிப்பது சரியன்று. அது மின்மாற்றியின் நியூட்ரல் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியில் தடை குறைவாக இருந்தால்தான் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து ப்யூஸ் எரியும்.

தொழிற்கூடத்தின் நிலமுனை 10 ஓம், மின்மாற்றியின் நிலமுனை 1.5 ஓம் தடையுடையன என்க. மண்வழியே மட்டும் திரும்பும் மின்னோட்டம் 230 ÷ 11.5, அதாவது 20 ஆம்பியர். 15 ஆம்பியர் ப்யூஸ் கம்பி இதனை நெடுநேரம் தாங்கக்கூடும். அதுவரை பொறியின் உடலில் 20 × 10, அதாவது 200 வோல்ட் நிற்கும்! மின்மாற்றி வரை முழுதும் உலோகப் பாதை அமைந்து, மொத்தத் தடை 1 ஓமாகக் குறையுமானால், 230 ஆம்பியர் பாய்ந்து ப்யூஸ் நொடிப்பொழுதில் எரிந்துவிடும்.

ஃபேஸ் கம்பிக்கும் நிலக்கம்பிக்கும் இடையே 40 வாட் விளக்கை இணைத்து, அது எரிந்தால் நிலத்தொடர்பு நன்று எனக் கொள்ளும் வழக்கம் தொழிற்கூடங்களில் உண்டு. அவ்விளக்கு ஏற்பது சுமார் 0.17 ஆம்பியரே, நிலமுனையின் தடை 100 ஓமாயினும் அது நன்றாகவே எரியும். ஆகவே இச்சோதனையை நம்புதல் கூடாது. நிலக்கம்பி அறுந்திருந்தால், சோதனையின்போது அதனோடு இணைந்த பொறிகள் யாவும் மின்னேற்றம் பெறும் என்பதும் கருதத்தக்கது. நிலத்தடை அளக்கும் கருவியைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

நிலமுனைக் குழியில் உப்பும் கரியும் இட்டு நீர் ஊற்றுவது நன்மையே. ஆயினும் அது மட்டும் போதாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பைப் பொருத்தினால், நிலமுனையின் தடை சற்று மிகுந்திருப்பினும் காப்பு கிடைக்கும். நிலக்கம்பியைத் திருகும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி உலோகத்தை வெளிப்படுத்துதல் வேண்டும். நிலக்கம்பி இல்லாதபோது சிலர் நியூட்ரல் கம்பியையே பொறியின் உடலோடு முடிந்துவிடுகின்றனர். அந்த நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், பொறியின் உடலில் 230 வோல்ட் முழுதும் வந்து நிற்கும்.