ஒரு சீனச் சொல், இரண்டு ஆங்கிலச் சொற்கள்

சீன நண்பர் ஒருவர் எழுதிய ரூட்டர் கையேட்டின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன். பாஸ்வேர்டு தவறானால் திரையில் "சர்ட்டிஃபிகேஷன் ஃபெயில்ட்" என்று வருமாம்! படிப்பவர், ரூட்டருக்கே தரச்சான்று இல்லை என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாரே!

அவரைக் குறை சொல்ல முடியாது. சீன மொழியில் 'ரென்ஜெங்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். சீனாவில் 2002-ல் நடைமுறைக்கு வந்த சிசிசி கட்டாயத் தரச்சான்றும் ரென்ஜெங்தான். நீங்கள் இன்னார்தானா என்று கம்ப்யூட்டர் சரிபார்ப்பதும் ரென்ஜெங்தான். ஆங்கிலத்தில் முன்னது சர்ட்டிஃபிகேஷன், பின்னது ஆதென்டிகேஷன்.

உள்ளே வந்தவர் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்று அனுமதி தருவது ஆதரைசேஷன். இதற்குச் சீனத்தில் 'ஷோச்சுவென்' என்று தனிச்சொல் உண்டு. நண்பர் இதில் தவறவே இல்லை.

திரைச் செய்தியை "ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்" என்று மாற்றிவிட்டோம். அந்தச் சொல்லை உச்சரிக்கத்தான் அவருக்கு நாக்கு இன்னும் சுழலவில்லை. எனக்கும்தான்!