ஊர்ப்பணிக்கு ஊரே காவல்

கிராமங்களில் நடைபெறும் சாலை, குடிநீர், குளம் தூர்வாருதல் முதலிய பணிகள் யாவும் மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுவன. ஒருமுறை போட்ட சிமென்ட் சாலை பல ஆண்டுகள் உழைத்தல் வேண்டும். அது இரண்டாம் மழைக்கே பெயர்ந்துவிடின், அதே தெருவுக்கு மீண்டும் நிதி பெறுவது எளிதன்று. அந்த நட்டத்தைச் சுமப்போர் அத்தெருவில் குடியிருப்போரே ஆவர். ஆகவே, பணிகளை ஊரார் தாமே கண்காணிக்கும் முறையைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூற விரும்புகிறோம்.

ஊரார் ஏன் பார்க்க வேண்டும்?

“பார்ப்பதற்குத்தான் அலுவலர்கள் இருக்கிறார்களே!” என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் சராசரியாக 30 ஊராட்சிகளுக்கு மேல் அடங்கியுள்ளன. பணி மேற்பார்வையாளர் ஓரிடத்தில் நிற்கும் நேரத்தில் வேறு பல இடங்களில் வேலை நடந்துகொண்டிருக்கும். அவர் பார்ப்பது சில மணி நேரம். ஊர் பார்ப்பதோ நாள் முழுவதும். மேற்பார்வையாளரின் அறிவும் ஊராரின் கண்ணும் சேர்ந்தாலன்றிக் காவல் நிறைவு பெறாது.

இது புதிய கருத்தன்று. 1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் முன்முயற்சியைத் தூண்டுவதில் திட்டம் போதிய வெற்றி பெறவில்லை என்று 1957இல் கண்டது. அதன் பரிந்துரையை ஒட்டியே ஊராட்சி ஆட்சிமுறை நாடெங்கும் பரவியது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என விதித்தன. அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே உரியதாயிருந்தது. இன்றைய கிராம சபையோ வாக்காளர் அனைவருக்கும் உரியது.

கணக்கு வெளியே வந்தால் என்ன நிகழும் என்பதை இராஜஸ்தான் மாநிலம் காட்டியது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில், உழவர், தொழிலாளர் அமைப்பு ஒன்று பொது விசாரணை நடத்தியது. பணிக் கணக்குகள் மக்கள் முன் உரக்கப் படிக்கப்பட்டன. ஏட்டில் இருந்ததற்கும் ஊரில் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்தோரே எடுத்துரைத்தனர். இத்தகைய கூட்டங்களிலிருந்து வளர்ந்த இயக்கமே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிகோலியவற்றுள் முதன்மையானது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், சமூகத் தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைத்தது. மேகாலயா மாநிலம் 2017இல் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

யார் பார்ப்பது?

கிராம சபையில் ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட ஒரு சிறு குழுவைத் தெரிவு செய்யலாம். பணி நடக்கும் தெருவில் வாழ்வோர் இருவரேனும், பெண்கள் பாதிக்குக் குறையாமலும், ஆதிதிராவிடர் குடியிருப்பைச் சேர்ந்தோரும் அதில் இடம்பெறல் வேண்டும். கட்டட வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் இருப்பின் மிக நன்று. ஒப்பந்தக்காரருக்கு உறவினரோ, பொருள் விற்பவரோ இடம்பெறலாகாது. ஊராட்சித் தலைவர் தாமே முன்னின்று இக்குழுவை அமைப்பாராயின், பின்னர் எழும் வீண்பழியினின்று அவருக்கும் அது பாதுகாப்பாகும்.

எப்போது பார்ப்பது?

முடிந்த பிறகு பார்ப்பதிற் பயன் குறைவு. உதாரணமாக, 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் கனமும் உள்ள சிமென்ட் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய கான்கிரீட் 45 கன மீட்டர். கனம் 12 சென்டிமீட்டராகக் குறைந்தால் கான்கிரீட் 36 கன மீட்டரே ஆகும். ஐந்தில் ஒரு பங்கு மறைந்துபோகும். 1:1½:3 என்னும் கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் வேண்டும். ஆகவே குறைந்தது சுமார் 72 மூட்டை. மேலிருந்து பார்ப்பவருக்கு இரு சாலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஓரத்தில் மண் அணைத்துவிட்டால் கனத்தை அளக்க வழியில்லை. பலகை அடைத்த அன்று ஓர் அளவுகோல் போதும். பின்னரோ சாலையைத் துளையிட்டுத்தான் காண முடியும்.

குளம் தூர்வாருவதும் அவ்வாறே. வெட்டிய ஆழத்தைக் காட்டுவதற்காக இடையிடையே வெட்டாமல் விடப்படும் மண்திட்டுகள் அளவெடுக்கும்வரை அங்கேயே இருத்தல் வேண்டும். மழை பெய்து நீர் நிரம்பிய பின்னர் எவராலும் ஆழத்தை உறுதியாகக் கூற இயலாது.

எவற்றைப் பார்ப்பது?

முதலாவது, மதிப்பீட்டின் நகல். நீளம், அகலம், கனம், கலவை விகிதம், தொகை ஆகியவற்றை எளிய தமிழில் எழுதிப் பணியிடத்தில் பலகையாக நிறுத்தச் செய்யலாம். நகல் கிடைக்காவிடின், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். அச்சட்டம் ஆவணங்களைப் பெறுவதோடு, பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை அளிக்கிறது. பதிலுக்கு 30 நாள் ஆகலாம். ஆதலால் பணி தொடங்கும் முன்னரே கேட்டுவிடல் நலம்.

இரண்டாவது, பொருளும் பக்குவமும். இறங்கிய சிமென்ட் மூட்டைகளை எண்ணி எழுதுக. கலவையில் வேலை எளிதாவதற்காக மிகுதியாக நீர் ஊற்றினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். போட்ட சாலைக்குத் தொடர்ந்து 14 நாள் தண்ணீர் கட்டி ஈரம் காத்தல் வேண்டும். இதனைப் பார்க்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அவ்வழியே நாள்தோறும் நடந்து செல்வோர் பார்த்தாலே போதும்.

மூன்றாவது, குடிநீர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோலக் குழாய்க்கும் கடைமடை உண்டு. ஆகையால் தொட்டியருகில் உள்ள வீட்டில் அளப்பதைவிட, கடைசித் தெருவின் கடைசி வீட்டில் அளப்பதே முறை. 15 லிட்டர்க் குடம் 3 நிமிடத்தில் நிரம்பினால், அவ்வீட்டுக்கு 55 நிமிடமேனும் தண்ணீர் வருதல் வேண்டும். குடமும் கடிகாரமும் இதற்குப் போதுமான கருவிகள்.

எவ்வாறு பதிவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், இடம், அளவு, பார்த்தவர் கையொப்பம் ஆகியவற்றை எழுதி வருக. குறை கண்டால் வேலையாட்களிடம் சண்டையிடுவதோ, வேலையைத் தடுப்பதோ கூடாது. அன்றே மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்புக. கலவையின் வலிமை போன்றவற்றைக் கண்ணால் தீர்மானிக்க இயலாது. அவற்றுக்குச் சோதனைக்கூட அறிக்கையைக் கேட்டல் வேண்டும். நன்றாக நடந்த வேலையை நன்றென்று எழுதுவதும் கடமையே. அப்போதுதான் குறை கூறும் பக்கத்துக்கும் மதிப்பு உண்டாகும்.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இக்கூட்டங்களில் அந்த நோட்டுப் புத்தகத்தையும் அலுவலக அளவுப் புத்தகத்தின் விவரத்தையும் அடுத்தடுத்துப் படித்தால், இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்பது அனைவர்க்கும் விளங்கும். ஒவ்வாதவை தீர்மானமாகப் பதியப்பட்டு, அடுத்த கூட்டத்தில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்கப்படல் வேண்டும். கேட்காது விட்ட தீர்மானம் ஏட்டிலேயே உறங்கிவிடும்.

கண்காணிப்பு என்பது அலுவலரைச் சந்தேகிப்பதன்று; நேர்மையாகப் பணியாற்றும் அலுவலருக்கு அது துணை. களத்தில் நிற்கும் பயிரைக் காணாத உழவர் இல்லை. தம் தெருவில் நடக்கும் பணியையும் அவ்வாறே நாள்தோறும் சென்று காண்பது ஊர்மக்களின் பழக்கமாகுக. உங்கள் ஊரில் அடுத்த பணி தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் அளவு நாடாவும் வாங்கி வைப்பீர்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும் என்பது எமது துணிபு.