சிறு குளங்களில் வாத்து வேட்டை: போலி வாத்துகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

வட அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்குப் பெயர்பெற்றவை செசபீக் விரிகுடா போன்ற அகன்ற நீர்ப்பரப்புகளும் ஆர்கன்சாவின் நீர் தேக்கிய நெல்வயல்களுமே. ஆனால் படகும் பெருஞ்செலவும் இல்லாமல் தனியாகவோ ஒரு துணையுடனோ செல்லும் வேட்டையாளருக்கு ஏற்ற களம் சிறு குளமாகும். பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது டகோட்டா மாநிலங்கள் முதல் கனடாவின் சஸ்காச்சுவான் வரை விட்டுச்சென்ற புல்வெளிக் குட்டைகள், வடகிழக்கு மாநிலங்களின் காடுகளில் பீவர் என்னும் கொறிவிலங்கு ஓடைகளை மறித்துக் கட்டும் அணைகளால் உண்டாகும் குளங்கள், மேய்ச்சல் நிலங்களில் கால்நடைகளுக்காக வெட்டப்படும் குட்டைகள் ஆகிய மூன்றும் இவ்வகையில் முதன்மையானவை. பறக்கும் வாத்துகளுக்கு இவ்விடம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை ஊட்டி அவற்றை இறங்கச் செய்வதற்காக நீரில் மிதக்கவிடப்படும் உருவங்களே போலி வாத்துகள். ஒரு ஏக்கர் அளவேயுள்ள குளத்தில் இவற்றுள் எவ்வகையை, எத்தனை எண்ணிக்கையில், எந்த அசைவோடு பயன்படுத்துவது என்பதை இவ்வழிகாட்டி ஒப்பிட்டுக் காட்டுகிறது.

பெரிய ஏரியில் நூறு போலிகள் ஒரு கூட்டமாகத் தொலைவிலிருந்தே கண்ணில் படுவதால், அவற்றுள் ஒன்றிரண்டின் குறைகள் மறைந்துவிடுகின்றன. சிறு குளத்திலோ வாத்து மரங்களுக்கும் கோரைகளுக்கும் மேலாகத் தாழ்ந்து வட்டமிட்டு, மிதக்கும் உருவங்கள் ஒவ்வொன்றையும் அருகிலிருந்து பார்த்த பின்னரே இறங்க முடிவு செய்கிறது. ஆகவே குளம் சுருங்கச் சுருங்க எண்ணிக்கையின் மதிப்பு குறைந்து, உருவின் இயல்புத்தன்மையும் நீரின் அசைவும் முதலிடம் பெறுகின்றன என்பதே இங்குள்ள தேர்வுகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

வரலாறும் சட்டமும்

நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், கோரைத் தண்டுகளைக் கட்டி, இறகு செருகி, கான்வாஸ்பேக் என்னும் வாத்தின் சாயலில் செய்யப்பட்ட உருவங்கள் கிடைத்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழமையான அவை, இக்கலை அம்மண்ணின் தொல்குடிகளிடமிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக உள்ளன. பின்னாளில் உயிருள்ள வாத்துகளையே கட்டிவைத்துக் காட்டு வாத்துகளை அழைக்கும் வழக்கம் பரவியபோது பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்டதால், அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1935ஆம் ஆண்டு அவ்வாறு உயிருள்ள வாத்துகளைப் பயன்படுத்துவதையும், தானியம் தூவி ஈர்ப்பதையும் தடை செய்தது. உயிரற்ற போலிகளைக் கூட்டாட்சி விதிகள் அனுமதித்தாலும், மின்விசையால் அசையும் போலிகளுக்குச் சில மாநிலங்கள் தனிக் கட்டுப்பாடு விதித்துள்ளதால், வாங்குவதற்கு முன் அந்தந்தப் பருவத்திற்கான மாநில விதிநூலைப் பார்ப்பது கட்டாயமாகும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் காட்டு வாத்துகளை வேட்டையாடுவதைத் தடுக்கின்றன என்பதால், இங்குக் கூறப்படுபவை முழுவதும் வட அமெரிக்கச் சூழலுக்கே உரியவை.

எந்த இனம்?

வாத்துகளை அவற்றின் மேய்ச்சல் முறையால் இரு வகையாகப் பிரிக்கலாம். ஆழமற்ற நீரில் வாலை மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்பவை கவிழ்மேய்ச்சல் வாத்துகள். உடல் முழுவதும் மூழ்கி ஆழத்தில் இரை தேடுபவை மூழ்கு வாத்துகள். சிறு குளங்களுக்கு வருபவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்த மல்லார்டு, பச்சைச்சிறகுக் கிளுவை, நீலச்சிறகுக் கிளுவை, கருவால் வாத்து, மரப்பொந்தில் முட்டையிடும் மர வாத்து ஆகியவையே. மூழ்கு வாத்துகளுள் வளையக்கழுத்து வாத்து மட்டும் காட்டுக் குளங்களையும் விரும்பி நாடுகிறது.

ஒரே இனத்தை மட்டும் வாங்க இயலும் என்றால் மல்லார்டே தக்க தேர்வு. கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியிருப்பதாலும், பிற கவிழ்மேய்ச்சல் வாத்துகள் அதனுடன் கலந்து மேய்வதாலும், மல்லார்டு உருவத்தைக் கண்டு ஏனைய இனங்களும் இறங்குவதுண்டு. கிளுவைப் போலிகளின் நன்மை வேறு வகையானது. பச்சைச்சிறகுக் கிளுவையின் நீளம் 31 முதல் 39 சென்டிமீட்டர் வரையே என்பதால் அதன் போலியும் சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் அமைகிறது. சேற்றிலும் புதரிலும் நெடுந்தூரம் நடந்து அடைய வேண்டிய பீவர் குளத்திற்கு ஒரு டஜன் கிளுவைகளை ஒரே பையில் சுமந்து செல்ல முடிகிறது. மர வாத்துகளோ தாம் பழகிய குளத்திற்கு விடியலில் நேராக வந்து இறங்கும் இயல்புடையவை என்பதால், அவை வரும் இடத்தில் இரண்டு மூன்று உருவங்களுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

இவற்றோடு நாமக்கோழி அல்லது நாரையின் உருவம் ஒன்றை ஓரமாக வைப்பதும் உண்டு. எளிதில் மிரளும் நாரை அச்சமின்றி நிற்பதாகத் தோன்றினால் வாத்துகளின் ஐயம் குறையும் என்பது இதன் நோக்கம். இது பயன் தரக்கூடிய துணையே அன்றி முதன்மைத் தேவை அன்று.

ஆணா, பெட்டையா?

வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தில் ஆண் வாத்துகள் பளிச்சென்ற நிறங்களை இழந்து பெட்டையைப் போன்ற பழுப்பு நிறத்தில் இருக்கின்றன. கோடையில் இறகுதிர்த்து, புது நிறம் பெறும் வரை நீடிக்கும் இந்நிலையை மங்கல் கோலம் எனலாம். செப்டம்பரில் நடைபெறும் கிளுவை வேட்டைக்கும் அக்டோபர் தொடக்கத்திற்கும் பழுப்புப் பெட்டைகளே மிகுதியாக இருத்தல் இயல்பாகத் தோன்றும். பச்சைத் தலையுடன் மின்னும் ஆண்கள் அக்காலத்திற்குப் பொருந்தா. நவம்பருக்குப் பின் ஆண்கள் முழு நிறம் பெற்றுப் பெட்டைகளுடன் இணை சேரத் தொடங்குவதால், அப்போது ஆணும் பெட்டையுமாக இணை இணையாக மிதக்கவிடுவது பொருத்தமானது. இரு பருவத்திற்கும் ஒரே தொகுதியை வைத்திருக்க விரும்புபவர் பாதிக்குப் பாதி வாங்கி, தொடக்கத்தில் ஆண் உருவங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

உடல் தோரணையும் இங்குக் கருதத்தக்கது. கடைகளில் விற்கப்படும் தொகுதிகளில் தலையை நிமிர்த்திய உருவங்கள் இருப்பதுண்டு. ஆயினும் கழுத்தை நீட்டி நிமிர்ந்த வாத்து ஆபத்தை உணர்ந்த வாத்தாகும். தலையைத் தோளுக்குள் இழுத்து ஓய்வெடுக்கும் உருவங்களும், வால் மட்டும் நீர்மேல் தெரியக் கவிழ்ந்து மேயும் உருவங்களும் அமைதியைக் காட்டுவதால், சிறு குளத்திற்கான தொகுதியில் அவையே பெரும்பான்மையாக இருத்தல் வேண்டும்.

எத்தனை, எந்த அளவு?

சிறு குளத்திற்கு 6 முதல் 12 போலிகள் போதுமானவை. மிகச் சிறிய குட்டைக்கு நான்கே போதும். இடம் நிறைந்துவிட்டால் வாத்து இறங்குவதற்குத் திறந்த நீர் எஞ்சாது என்பது ஒரு காரணம். பருவம் முதிர முதிர, வழியெங்கும் பெருந்தொகுதிகளைக் கண்டு தப்பிய பறவைகள் சிறு குழுவையே எளிதில் நம்புகின்றன என்பது மற்றொரு காரணம். சுற்றுப்புற நீர்நிலைகள் உறைந்து, ஊற்று நீரால் ஒரு குளம் மட்டும் உறையாமல் இருக்கும் காலம் இதற்கு விதிவிலக்காகும். அப்போது பறவைகள் அங்கு நெருங்கிக் கூடுவதால் இருபது போலிகளும் இயல்பாகவே தோன்றும்.

இயல்பளவு, பேரளவு என்னும் இரண்டில், தொலைவிலிருந்து தெரிவதற்காகப் பெரிதாக்கப்பட்ட பேரளவு உருவங்கள் திறந்த ஏரிக்கு உரியவை. மரங்கள் சூழ்ந்த குளத்தில் பறவை வெகு தொலைவிலிருந்து பார்க்கப்போவதில்லை. பையில் அடைக்கும் இடமும் சுமையும் மட்டுமே கூடும். இயல்பளவே இங்குச் சிறந்தது. வாத்துகள் மனிதரைக் காட்டிலும் நுட்பமான நிறப்பார்வை உடையவை என்பதால், அளவைவிடப் பூச்சின் தன்மையே கூடுதல் கவனத்திற்குரியது. ஈரத்திலும் வெயிலிலும் பளபளக்கும் பூச்சு நெருங்கும் பறவையை மிரளச் செய்யும். ஒளியை உறிஞ்சும் மங்கிய பூச்சே வேண்டும். விடியலில் உருவங்களின் மேல் படியும் உறைபனியையும் அவ்வப்போது துடைத்தல் அவசியம்.

உடலும் ஏராவும்

உள்ளீடற்ற பிளாஸ்டிக், நுரை நிரப்பிய பிளாஸ்டிக், தக்கை, மரம் ஆகியவை உடலுக்குப் பயன்படும் பொருள்கள். உள்ளீடற்றது விலையும் எடையும் குறைந்தது. எனினும் ஒரு சிறு துப்பாக்கிக் குண்டு துளைத்தாலும் நீர் புகுந்து மெல்ல மூழ்கும். நுரை நிரப்பியது துளைபட்டாலும் மிதக்கும். விலையும் எடையும் அதிகம். தக்கையும் மரமும் நீரில் உயிருள்ள பறவையைப் போல அமர்ந்து அசைபவை. ஆயினும் கையால் செதுக்கப்படுவதால் அரியவை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த எல்மர் குரோவல் செதுக்கிய இரு உருவங்கள் 2007ஆம் ஆண்டு ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின என்பது, பழைய மரப்போலிகள் குளத்தை விட்டுக் கலைக்கூடத்திற்குச் சென்றுவிட்டதைக் காட்டுகிறது. நடந்து செல்லும் வேட்டையாளருக்கு உள்ளீடற்ற பிளாஸ்டிக்கே நடைமுறைக்கு உகந்தது.

படகின் அடியில் நீளவாக்கில் அமையும் ஏராவைப் போன்ற பகுதி, போலியின் அடியிலும் இருந்து அது கவிழாமல் காக்கிறது. மணல் போன்ற எடைப்பொருள் அடைத்த ஏரா உடையவை, எறிந்தாலும் தாமே நிமிர்ந்து மிதக்கும்; காற்றிலும் நிலைகுலையா. நீர் ஏரா உடையவையோ உள்ளே குழாயாக இருந்து, குளத்தில் வைத்தபின் நீர் நிரம்பி எடை பெறுபவை. சுமக்கையில் இலேசானவை, ஆனால் ஒவ்வொன்றையும் கையால் நிமிர்த்தி வைக்க வேண்டும், கடுங்குளிரில் உள்நீர் உறைந்துபோகவும் கூடும். அலையில்லாத, இறங்கி நடக்கத்தக்க ஆழமுள்ள குளத்தில் இக்குறைகள் பெரிதல்ல என்பதால், நெடுந்தூரம் நடப்பவர் நீர் ஏராவையும், வண்டி நிறுத்தத்திற்கு அருகிலேயே குளம் வாய்த்தவரும் உறைகுளிர்க் காலத்தில் வேட்டையாடுபவரும் எடை ஏராவையும் தேர்வது நலம்.

அசைவு

மரங்களும் கரையும் காற்றைத் தடுப்பதால் சிறு குளத்தின் நீர் பெரும்பாலும் அசைவற்றுக் கிடக்கிறது. உயிருள்ள வாத்துகள் உள்ள குளத்தில் சிற்றலைகள் ஓயாமல் எழும் என்பதால், அசையா நீரில் அசையாமல் நிற்கும் போலிகள் எத்தனை அழகாக இருந்தாலும் ஐயத்தையே எழுப்புகின்றன. ஆகவே செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அசைவுக்கு ஒதுக்குவது, கூடுதலாக ஆறு போலிகள் வாங்குவதைவிடப் பயனுடையது.

இதற்குரிய சாதனங்களுள் எளியது சுண்டுகயிறு. குளத்தில் ஊன்றிய முளையில் ஒரு ரப்பர் பட்டையையும், அதன் மறுமுனையில் நீண்ட கயிற்றையும் கட்டி, கயிற்றில் இரண்டு முதல் நான்கு போலிகளை இணைத்து, நுனியை வேட்டையாளர் ஒளிந்திருக்கும் மறைவிடத்திற்குக் கொண்டுவர வேண்டும். கயிற்றைச் சுண்டி விடும்போது போலிகள் முன்னும் பின்னும் நீந்தி, எழும் அலைகள் குளம் முழுவதும் பரவி மற்றப் போலிகளையும் அசைக்கின்றன. விலை மிகக் குறைவு, மின்கலம் தேவையில்லை, தேவையான நொடியில் நிறுத்தலாம். கையின் அசைவு பறவைக்குத் தெரிந்துவிடாதிருக்க, வாத்துகள் விலகிப் பறக்கையில் சுண்டி, தலைக்கு மேல் வருகையில் அசையாதிருத்தல் வேண்டும். மின்கலத்தால் நீரைக் கலக்கும் போலிகளும் இதே பணியைச் செய்கின்றன. குளிரில் மின்கலம் வலுவிழப்பதே அவற்றின் குறை.

மூன்றாவது, மின்விசையால் சிறகைச் சுழற்றி, கருமையும் வெண்மையும் மாறி மாறி மின்னுவதால் இறங்கும் வாத்தின் தோற்றத்தைத் தரும் சுழல்சிறகுப் போலி. இது பறவைகளைத் துப்பாக்கி எட்டும் தொலைவிற்குக் கூடுதலாக ஈர்ப்பதைக் கலிபோர்னியாவிலும் மின்னசோட்டாவிலும் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. கலிபோர்னியா நவம்பர் இறுதி வரை இதைத் தடுப்பது இவ்வாற்றல் கருதியே. எனினும் பருவம் முதிர்கையில் பறவைகள் இதற்குப் பழகிவிடுகின்றன. பறவை மிக அருகில் வட்டமிடும் சிறு குளத்தில் இதன் இயந்திரத்தன்மை விரைவில் வெளிப்படுவதால், பருவத் தொடக்கத்தில் குளத்தின் ஓரமாக வைத்து, பறவை திரும்பியவுடன் நிறுத்தத்தக்க தொலை இயக்கியுடன் பயன்படுத்துவதே முறை. இம்மூன்றில் ஒன்றுதான் என்றால் சுண்டுகயிறே தேர்வுக்குரியது.

நங்கூரமும் அடுக்கும்

போலியை நிலைநிறுத்தும் கயிறு பழுப்பு அல்லது பச்சை நிறத்தில் இருத்தல் வேண்டும். தெளிந்த ஆழமற்ற நீரில் வெண்கயிறு கண்ணில் படும். கயிற்றை ஏராவில் சுற்றிவைக்கும் பழைய முறை எந்த ஆழத்திற்கும் ஏற்றது. குளிர்ந்த விரல்களால் சுற்றுவதுதான் கடினம். தடித்த பிளாஸ்டிக் இழையில் எடைக்குண்டு வழுக்கி ஓடும்படி அமைந்த டெக்சாஸ் முறையில், இழைகளை ஒரே வளையத்தில் கோத்துச் சிக்கலின்றி எடுத்துச்செல்லலாம். சிறு குளத்திற்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமுள்ள இழையே போதும். நீளம் கூடினால் போலிகள் அலைந்து ஒன்றோடொன்று மோதும்.

வாத்துகள் காற்றை எதிர்த்து இறங்குவதால், காற்று முதுகில் படும்படி மறைவிடத்தை அமைத்து, அதற்கு நேரெதிரே சில மீட்டர் அகலத்திற்குத் திறந்த நீரை விட்டு, அதன் இருபுறமும் போலிகளை ஒழுங்கின்றி வைக்க வேண்டும். மிகத் தொலைவிலுள்ள போலியை 25 மீட்டரில் நிறுத்தினால், அதற்கு அப்பாலுள்ள பறவையைச் சுடலாகாது என்னும் எல்லைக்குறியாகவும் அது பயன்படும்.

முடிவு

முதன்முதலாக வாங்குபவருக்கு ஆறு மல்லார்டு, நான்கு கிளுவை, ஒரு சுண்டுகயிறு ஆகியவை முழுமையான தொகுதியாகும். ஓய்வு நிலையும் மங்கிய பூச்சும் உறுதியான பின்னரே பேரளவு உருவங்களையும் மின்சாதனங்களையும் பற்றி எண்ணலாம். போலி வாத்தின் உண்மையான பயன், பறவையை ஒரே வெடியில் வலியின்றி வீழ்த்தத்தக்க அருகாமைக்குக் கொண்டுவருவதாகும். தொலைவில் காயம்பட்டுக் கோரைக்குள் மறைந்து மடியும் பறவை யாருக்கும் பயன்படாத இழப்பு. ஆகவே இறங்கத் தயங்கும் பறவையை எட்டாத தொலைவில் சுடாமல் போகவிடுவதும், ஒரு குளத்தில் வேட்டையாடிய பின் பல நாள் அதற்கு ஓய்வளிப்பதும், நல்ல போலியைத் தேர்வதைப் போலவே வேட்டையாளரின் கடமைகளாகும். இக்கடமைகள் பேணப்படும் குளத்திற்கே அடுத்த பருவத்திலும் வாத்துகள் நம்பி வரும்.