யாழினிக்கு ஒரு பாண்

வாசிப்போம்

யாழினிக்கு ஒன்பது வயது. ரொறன்ரோவில் வசிக்கிறாள். அவளுக்குச் சீலியாக் என்ற நோய் இருக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. பெரும்பாலான மக்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் யாழினி குளூட்டன் சாப்பிட்டால், அவளுடைய உடலே அவளது சிறுகுடலைத் தாக்கும். பிறகு உணவிலுள்ள சத்து உடம்பில் சரியாகச் சேராது. குளூட்டன் இல்லாத உணவுதான் இதற்கு மருந்து. இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

முன்பு இந்த நோய்க்குக் காரணம் தெரியவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமை மீது சந்தேகப்பட்டார். 1944–45 குளிர்காலத்தில், போரினால் அந்த நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. பாண் கிடைக்கவில்லை. மக்கள் பசியால் வாடினார்கள். ஆனால் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள்! பாண் மீண்டும் கிடைத்ததும் நோயும் மீண்டும் வந்தது. 1950-இல் டிக்கே தன் ஆய்வை வெளியிட்டார்.

பேசுவோம்

(சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பொங்கல் விழா. யாழினியின் தோழி நிலாவின் அம்மம்மா சாப்பாடு பரிமாறுகிறார்.)

அம்மம்மா: வா பிள்ளை, புட்டுச் சாப்பிடு.

யாழினி: அம்மம்மா, இதில என்ன மா போட்டனீங்கள்?

அம்மம்மா: அரிசி மாவும் அவிச்ச கோதுமை மாவும். அப்பதான் மெதுவா இருக்கும்.

யாழினி: எனக்குக் கோதுமை கூடாது, அம்மம்மா.

அம்மம்மா: ஒரு வாய் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது.

நிலா: இல்லை அம்மம்மா. பாண் துகள் பட்டாலே அவளுக்குக் கூடாது.

யாழினி: எனக்கும் ஆசைதான். ஆனா சாப்பிட்டா வயிறு நோகும். பள்ளிக்கூடம் போக ஏலாது.

அம்மம்மா: ஐயோ பிள்ளை! அப்ப உனக்குத் தனி அரிசி மாவில அவிச்சுத் தரட்டோ?

யாழினி: ஓம். ஆனா இந்த நீத்துப்பெட்டியில வேண்டாம். ஓலை இடுக்கில கோதுமை மா ஒட்டியிருக்கும்.

நிலா: சாம்பாருக்குப் பெருங்காயத் தூள் போட்டனீங்களோ? சில தூளில கோதுமை மா கலந்திருக்கும். டப்பாவைப் பாருங்கோ.

அம்மம்மா: அறுபது வருசமாச் சமைக்கிறன், இது எனக்குத் தெரியாது! அடுத்த சனிக்கிழமை புது நீத்துப்பெட்டியோட வாறன். நீயும் பக்கத்தில நிண்டு பார்.

அறிந்துகொள்வோம்

கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் ஒரு வலை போல ஆகிறது. ஈஸ்ட் உண்டாக்கும் வாயு அந்த வலைக்குள் அகப்படுகிறது. அதனால் பாண் பொங்குகிறது. அரிசி மாவில் அந்த வலை இல்லை. எனவே அதில் செய்யும் பாண் எளிதில் உதிர்ந்துவிடும். இசப்கோல் உமி தண்ணீரில் ஊறினால் கூழ் போல ஆகும். அது வலையின் வேலையைச் செய்யும்.

கடையில் வாங்கும்போது பொதியை வாசியுங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

செய்து பார்ப்போம் (பெரியவர் ஒருவருடன்)

தேவையானவை: வறுக்காத அரிசி மா 250 கிராம், மரவள்ளி மா 100 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், ஈஸ்ட் 7 கிராம், சீனி 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, முட்டை 1, இளஞ்சூட்டு நீர் 350 மில்லிலீட்டர். எல்லாப் பொதிகளிலும் குளூட்டன் இல்லை என்று இருக்க வேண்டும்.

1. இசப்கோலை நீரில் கலந்து, கூழாகும்வரை ஊறவிடுங்கள்.
2. மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். கலவை கையில் ஒட்டும். அது சரிதான்.
3. எண்ணெய் பூசிய தகரத்தில் பாதியளவுக்குப் போடுங்கள். சூடான இடத்தில் சுமார் ஒரு மணி நேரம் பொங்க விடுங்கள்.
4. ஓவனில் 200 பாகை செல்சியஸில் 55 நிமிடம் வேகவையுங்கள்.
5. நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

கோதுமைப் பாண் சுடும் டோஸ்டரில் இந்தப் பாணைச் சுடக் கூடாது. ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

சொற்களை அறிவோம்

பாண் – பிரெட் (போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல்)
நீத்துப்பெட்டி – புட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி
போட்டனீங்கள் (பேச்சு) – போட்டீர்கள் (எழுத்து)
ஒண்டும் – ஒன்றும்
ஏலாது – முடியாது
வாறன் – வருகிறேன்

பயிற்சி

1. எந்தத் தானியங்களில் குளூட்டன் உண்டு?
2. பஞ்சக் காலத்தில் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் ஏன் தேறினார்கள்?
3. அம்மம்மாவின் நீத்துப்பெட்டியை யாழினி ஏன் வேண்டாம் என்றாள்?
4. “இதில என்ன மா போட்டனீங்கள்?” இதை எழுத்துத் தமிழில் எழுதுக.
5. உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? பார்த்து எழுதுக.
6. அன்போடு தரும் உணவை மரியாதையாக எப்படி மறுப்பது? இருவர் சேர்ந்து நடித்துக் காட்டுங்கள்.