உடைந்த பல்லுக்கு எந்த ஸ்கேன்?

2019 ஜனவரியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் ஒரு பெண்ணின் கையும் கால்களும் கிடைத்தன. தலை இல்லாததால் பல்லைப் பார்க்க வழியில்லை. பச்சை குத்தியிருந்ததுதான் ஆளைக் காட்டிக் கொடுத்தது. ஆனால் தோல் அழுகும், எரியும். பல் அவ்வளவு லேசில் போகாது. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஆனால் தீயில் எனாமலும் அதன் அடியிலுள்ள டென்டினும் வேறு வேறு அளவில் சுருங்குவதால், எனாமல் ஓடு மாதிரி கழன்று, தொட்டாலே உதிரும். அதைக் கையால் ஒட்டப் பார்ப்பது தடயத்தை நாமே நொறுக்குவது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் ஒட்டலாம்.

எந்தக் கருவியில்? பல் கிளினிக்குகளில் இருக்கும் வாய் ஸ்கேனர் வேகமானது, கதிர்வீச்சு இல்லாதது. உடைந்த விளிம்புகள் பொருந்துமா என்று பார்க்க அது போதும். ஆனால் மேற்பரப்பு மட்டுமே தெரியும், வேர்க்குழாய் தெரியாது. என் கணக்கில் அது துணைக்கருவிதான்.

ஸ்கேன் சென்டர்களில் உள்ள சி.பி.சி.டி. (பல், தாடைக்கான முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். அதன் ஒரு படப்புள்ளி 0.075 முதல் 0.4 மி.மீ. வரை. தாடையில் பல் நின்றபடியே கிடைத்தால் நான் கேட்பது இதைத்தான். பிடுங்கி எடுக்கிற ஆபத்து இல்லை. அமால்கம் என்ற உலோகக் கலவை அடைத்த பல்லென்றால் படத்தில் கோடுகள் விழும், அதையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.

தூள்தூளான பல்லுக்கு மைக்ரோ சி.டி. தான். சில மைக்ரான் வரை நுணுக்கம்; அரிசிக் குருணை அளவுத் துண்டுக்கும் விளிம்பு தெளிவாக விழும். மணிக்கணக்கில் ஓடும், சின்னப் பொருள்தான் உள்ளே போகும், ஆராய்ச்சிக் கூடங்களைத் தேடிப் போகவேண்டும். துண்டுகளை நுரைப் பஞ்சில் தனித்தனியாக அசையாமல் வைத்து, எண் போட்டு, போலீஸ் மகஜரில் அந்த எண்களையும் எழுதிவிடுங்கள்.

இத்தனை நுணுக்கம் எப்போதும் தேவையா? ஒப்பிடப்போவது பெரும்பாலும் பழைய ஆர்.வி.ஜி. (சில பற்களின் எக்ஸ்ரே) அல்லது ஓ.பி.ஜி. (முழுத் தாடை எக்ஸ்ரே) படத்தோடு. அது தட்டைப் படம். ஆகவே உயிரோடு இருந்தபோது எடுத்த படம் எது கிடைத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள், பிறகு கருவியைத் தேர்ந்தெடுங்கள். சி.டி. வகைகள் இரண்டிலும், திரையில் ஒட்டிய பல்லைத் திருப்பி, பழைய படத்தின் அதே கோணத்தில் ஒரு எக்ஸ்ரேவை உருவாக்கலாம். வாய் ஸ்கேனரால் இது ஆகாது.

வரிசையும் முக்கியம். டி.என்.ஏ. சோதனைக்குப் பல்லை அனுப்பும் முன்பே ஸ்கேன் முடிந்திருக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் பல்லைப் பொடியாக்கித்தான் வேலையைத் தொடங்குவார்கள்.